எண்ணெய் தேய்ச்சா நடந்துடுவானா டாக்டர்?

செரிப்ரல் பால்ஸி, அதாவது மூளை முடக்குவாதம் இருக்கிற குழந்தையைத் தூக்கிட்டு ஓபிக்கு வர்ற அம்மாக்கள் பாதிப் பேர் இந்தக் கேள்வியைக் கேட்டுருவாங்க. மீதிப் பேர் திட்டு விழும்னு பயந்து கேக்காம, ஏற்கெனவே தேய்ச்சுக்கிட்டு இருப்பாங்க. அவங்களுக்காக ஒரு த்ரெட். கொஞ்சம் பழைய கதை, பொறுமையா படிங்க.

கதை லண்டன்ல ஆரம்பிக்குது. 1810-ல பிறந்த வில்லியம் ஜான் லிட்டில் என்கிற டாக்டருக்கு சின்ன வயசுலயே ஒரு பாதம் வளைஞ்சு போச்சு. 1836-ல ஜெர்மனியில ஸ்ட்ரோமையர் என்கிற சர்ஜன்கிட்ட போய் குதிகால் நரம்பை (தசைநாண்தான், நம்ம ஊர்ல எல்லாமே நரம்பு) வெட்டி சரி பண்ணிக்கிட்டார். திரும்பி வந்து அதே ஆபரேஷனை மத்தவங்களுக்கும் செஞ்சார். பிறக்கும்போதே சிக்கலைச் சந்திச்ச குழந்தைகளோட கை கால் இறுகிப் போறதை 1861-ல லண்டன் மகப்பேறு சங்கத்தில் விவரிச்சார். அதனால இந்த நோய்க்கு ரொம்ப நாள் 'லிட்டில் நோய்'னே பேரு.

அதே இங்கிலாந்தில், லிட்டில் குழந்தையா இருந்த காலத்துலயே, பிரைட்டன் கடற்கரையில ஒரு இந்தியர் கடை போட்டிருந்தார். பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது. மூலிகை ஆவிக் குளியலும் உடம்புப் பிடியும்தான் தொழில். அவர் அதுக்கு வச்ச பேரு 'ஷாம்பூயிங்'. (ஆமா, இன்னைக்கு தலைக்குப் போடுற ஷாம்பூ இந்த 'சம்பி'யில இருந்து வந்ததுதான்.) மூட்டு வலி மட்டுமில்ல, பக்கவாதத்துக்கும் இது நல்லதுன்னு 1822-ல புத்தகமே போட்டார். அரசர் நான்காம் ஜார்ஜே அவரோட வாடிக்கையாளர்.

1894-ல லண்டன்ல நாலு நர்ஸுகள் சேர்ந்து மசாஜ் செய்யறவங்களுக்கு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. அதுதான் வளர்ந்து இன்னைக்கு இங்கிலாந்தோட பிசியோதெரபி சங்கமா நிக்குது. பிசியோதெரபி முழுக்க நம்ம ஊர்ல இருந்து போச்சுன்னு நான் அளக்க வரல. ஸ்வீடன்காரங்க உடற்பயிற்சி முறைக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. ஆனா 'பாட்டி தேய்ச்சா நாட்டு வைத்தியம், வெள்ளை கோட் போட்டவர் தேய்ச்சா சயின்ஸ்'னு பிரிச்சுப் பேசறவங்களுக்கு இந்த வம்சாவளி தெரியணும்.

அப்போ எது வேலை செய்யுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் கனடாவில் நடந்தது. அழுத்தம் கூட்டின அறையில உட்காரவச்சு ஆக்ஸிஜன் கொடுத்தா இந்தக் குழந்தைகள் தேறுவாங்கன்னு ஒரு அலை அடிச்சது. கியூபெக்ல 111 குழந்தைகளை ரெண்டு குழுவாப் பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு நிஜமான சிகிச்சை, இன்னொன்னுக்கு லேசா அழுத்தம் கூட்டின சாதாரண காத்து. ஆளுக்கு 40 தடவை. 2001-ல லான்செட்ல முடிவு வந்தது. ரெண்டு குழுவுமே முன்னேறியிருந்தாங்க, கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு!

ஒப்பிட இன்னொரு குழு இல்லாம இருந்திருந்தா, 'மெஷின்தான் காப்பாத்துச்சு'ன்னு எல்லாரும் நம்பியிருப்போம். குழந்தை தானாவும் வளரும், கவனிப்பு கூடினாலும் தேறும். அந்தச் சமயத்துல கையில எந்தப் பாட்டில் இருக்கோ, பேரு அதுக்குப் போயிரும்.

2013-ல அயோனா நோவாக் குழு எல்லா சிகிச்சைகளையும் அலசி சிக்னல் மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்புன்னு பிரிச்சாங்க. சிவப்புல இந்த ஆக்ஸிஜன் அறை இருந்தது. அதே சிவப்புல, நாங்க வருஷக்கணக்கா மரியாதையா எழுதிக் கொடுத்த போபாத் முறை பிசியோதெரபியும் இருந்தது. படிச்சப்போ கொஞ்சம் வலிச்சது, உண்மையைச் சொல்றேன். பச்சையில இருந்தது என்ன? வலிப்பு மருந்து, இறுக்கத்துக்குப் போட்டுலினம் ஊசி, இடுப்பு மூட்டு கண்காணிப்பு. முக்கியமா, குழந்தை தானே செஞ்சு பழகுற இலக்கு வச்ச பயிற்சி, வீட்டுலயே செய்யற பயிற்சி.

நாம பிடிச்சு விடுறது வேற, குழந்தை எட்டி டம்ளரை எடுக்கிறது வேற. மூளை கத்துக்கறது ரெண்டாவதுல.

எண்ணெய்க்கு வர்றேன். தாராளமா தேய்ங்கம்மா. தேய்ச்சா குழந்தை இதமா இருக்கும், நல்லாத் தூங்கலாம், உங்க கையும் அவன் உடம்பைப் பழகும். இறுகின காலை மட்டும் முரட்டுத்தனமா இழுக்காதீங்க. தேய்ச்ச கையோட பயிற்சியும் செய்ய வைங்க. சித்தா, ஆயுர்வேத டாக்டர்கிட்ட காட்டினாலும் மறைக்காம என்கிட்ட சொல்லுங்க, என் சீட்டை அவர்கிட்டயும் காட்டுங்க.

ஆனா மூக்குல, வாயில எண்ணெய் விடவே கூடாது. இந்தக் குழந்தைகளுக்கு விழுங்கறதே சிரமம். எண்ணெய் நுரையீரலுக்குப் போனா நிமோனியா. லேபிள் இல்லாத பொடி, பஸ்பம் வேண்டாம். 2004-ல பாஸ்டன் பக்கத்துக் கடைகளில் வாங்கின 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதிச்சதில் 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக்ல ஏதாவது இருந்தது. ஏற்கெனவே பாதிச்ச மூளைக்கு ஈயமும் சேரணுமா?

கடைசியா ஒண்ணு. 'ஒரு மண்டலம் இங்கிலீஷ் மருந்தை நிறுத்துங்க'ன்னு யாரோ சொன்னதைக் கேட்டு வலிப்பு மாத்திரையை நிறுத்தின ஒரு குடும்பம், பதினோராம் நாள் ராத்திரி எங்க கேஷுவாலிட்டிக்கு வந்தது. முக்கால் மணி நேரமா நிக்காத வலிப்பு. குழந்தை பிழைச்சான். அதுக்கு முன்னாடி வரைக்கும் அம்மாவைப் பார்த்தா சிரிப்பான். அந்தச் சிரிப்பு திரும்ப வர நாலு மாசம் ஆச்சு. அந்த அம்மா இப்பவும் தினமும் எண்ணெய் தேய்க்கிறாங்க, காலையிலயும் ராத்திரியும் மாத்திரை கொடுத்துட்டு.