குதிரைப் பந்தயம்: 'ஃபேவரிட் மீது கட்டு', 'தோற்றால் இரட்டிப்பாக்கு' உத்திகள் பலன் தருமா? 40 சதவீத ஜிஎஸ்டிக்குப் பிந்தைய கணக்கு

மும்பை மகாலட்சுமி, பெங்களூரு, ஐதராபாத், மைசூரு, கொல்கத்தா என நாட்டின் எந்தப் பந்தய மைதானத்திற்குச் சென்றாலும் ஒரே மாதிரியான அறிவுரைகளைக் கேட்கலாம். 'ஃபேவரிட் மீது மட்டும் கட்டு', 'வின் வேண்டாம், பிளேஸ் போதும்', 'தோற்றால் அடுத்த பந்தயத்தில் இரட்டிப்பாகக் கட்டு' என்பவை அவற்றுள் முக்கியமானவை. தலைமுறைகளாகக் கைமாறி வரும் இந்த உத்திகள் உண்மையில் பணத்திற்கு மதிப்புள்ளவையா என்ற கேள்வி, 2025 செப்டம்பர் 22 முதல் பந்தயத் தொகை மீதான சரக்கு மற்றும் சேவை வரி 40 சதவீதமாக உயர்ந்த பிறகு வேறு வடிவம் பெற்றுள்ளது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வெல்லும் குதிரையைக் கண்டுபிடிப்பது வேறு. மதிப்புள்ள பந்தயத்தைக் கண்டுபிடிப்பது வேறு. மூன்று முறை ஓடினால் ஒரு முறை வெல்லக்கூடிய குதிரைக்கு, 100 ரூபாய் சீட்டுக்கு 300 ரூபாய் டிவிடெண்ட் கிடைத்தால் அது நியாய விலை. 240 ரூபாய்தான் கிடைக்கும் என்றால், அந்தக் குதிரை இன்று வென்றாலும் அது மோசமான பந்தயமே.

நியாய விலை ஏன் கிடைப்பதில்லை என்பதற்கான காரணம் டோட்டலைசர் இயங்கும் முறையில் உள்ளது. அனைவரும் கட்டிய பணம் ஒரே தொகுப்பில் சேர்கிறது. அதிலிருந்து கிளப்பின் பங்கும் உரிய பிடித்தங்களும் கழிக்கப்பட்டு, எஞ்சியது வெற்றிச் சீட்டு வைத்திருப்போருக்குப் பகிரப்படுகிறது. எனவே பந்தயக்காரர் போட்டியிடுவது குதிரைகளுடன் அல்ல, சக பந்தயக்காரர்களுடன். அவர்களைவிட ஓரளவு மேம்பட்ட கணிப்பு மட்டும் போதாது. பிடித்தத்தையும் ஈடுகட்டும் அளவுக்கு மேம்பட்டிருக்க வேண்டும்.

ஃபேவரிட் உத்திக்கு ஆய்வு அடிப்படை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. மக்கள் வாய்ப்புக் குறைந்த குதிரைகள் மீது அளவுக்கு மீறியும், ஃபேவரிட் மீது சற்றுக் குறைவாகவும் பணம் கட்டுகின்றனர் என்பதை அமெரிக்க உளவியலாளர் கிரிஃபித் 1949இலேயே பதிவு செய்தார். பொருளாதார வல்லுநர்கள் எரிக் ஸ்னோபெர்க், ஜஸ்டின் வுல்ஃபர்ஸ் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கப் பந்தயங்களில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரை ஓட்டங்களை எடுத்துக்கொண்டது. கண்மூடித்தனமாக ஏதேனும் ஒரு குதிரை மீது கட்டினால் சராசரி இழப்பு சுமார் 23 சதவீதம். ஒன்றுக்கு நூறு அல்லது அதற்கு மேல் விலையுள்ள குதிரைகளில் இழப்பு சுமார் 61 சதவீதம். ஒவ்வொரு பந்தயத்திலும் ஃபேவரிட் மீதே கட்டினால் இழப்பு சுமார் 5.5 சதவீதம் மட்டுமே.

ஆக, இந்த உத்தி மற்றவற்றைவிட நல்லது. ஆனால் 'குறைந்த நட்டம்' என்பது லாபம் அல்ல.

இந்தியாவில் இக்கணக்கு எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம். 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம், டோட்டலைசரில் முழுப் பந்தயத் தொகைக்கும் ஜிஎஸ்டி விதிப்பது செல்லாது என்றும், கிளப்பின் கமிஷனுக்கு மட்டுமே வரி விதிக்கலாம் என்றும் கூறியது. பின்னர் சட்டம் திருத்தப்பட்டு, 2023 அக்டோபர் 1 முதல் முழு முகமதிப்பின் மீது 28 சதவீத வரி நடைமுறைக்கு வந்தது. இப்போது அது 40 சதவீதம். அதாவது 100 ரூபாய் பந்தயத்துக்குக் கையிலிருந்து செல்வது 140 ரூபாய்.

அமெரிக்க ஃபேவரிட் போலவே இங்கும் 100 ரூபாய்க்குச் சராசரியாக 94.50 ரூபாய் திரும்பக் கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும், செலவிட்ட 140 ரூபாயில் அது 67.5 சதவீதமே. மூன்றில் ஒரு முறை வெல்லும் குதிரைக்கு நியாயமான டிவிடெண்ட் 300 ரூபாய் என்று முன்பு கண்டோம். இனி முதலுக்கு மோசமில்லாமல் இருக்கவே 420 ரூபாய் தேவை. அந்த விலையில் ஃபேவரிட் கிடைப்பது அரிது. கிடைத்தால் அது ஃபேவரிட்டாக இருக்காது.

இரட்டிப்பு உத்தியின் நிலை இன்னும் மோசம். ஒன்றுக்கு ஒன்று விலையுள்ள குதிரைகளில் 100 ரூபாயில் தொடங்குவோம். முதல் பந்தயத்தில் தோற்று, இரண்டாவதில் 200 ரூபாய் கட்டி வென்றால், பழைய கணக்கில் 100 ரூபாய் லாபம். வரியுடன் பார்த்தால் மொத்தச் செலவு 420, வரவு 400. வென்ற பிறகும் 20 ரூபாய் நட்டம். தொடர்ந்து ஏழு தோல்விக்குப் பின் எட்டாவதில் 12,800 ரூபாய் கட்டி வென்றால் செலவு 35,700, வரவு 25,600. இங்கே 10,100 ரூபாய் காணாமல் போகிறது. வரியே இல்லாத நாளிலும் கைப்பணத்துக்கு எல்லை உண்டு என்பதால் இது ஆபத்தான உத்திதான்; இப்போது எண்கணிதப்படியே அது பொருந்தவில்லை.

'பிளேஸ் போதும்' என்பதில் பாதி உண்மை இருந்தது. டொனால்ட் ஹவுஷ், வில்லியம் ஜியம்பா, மார்க் ரூபின்ஸ்டீன் ஆகியோர் 1981இல், பிளேஸ் தொகுப்பின் விலை சில சமயம் வின் தொகுப்புடன் பொருந்தாமல் தவறாக அமைவதைக் காட்டினர். ஆனால் கடைசி நிமிடக் கணக்கில் அத்தவறு தெரியும் சில பந்தயங்களில் மட்டும் கட்டுவதே அவர்களின் முறை. எல்லாப் பந்தயத்திலும் பிளேஸ் கட்டுவது அன்று.

கணிப்பால் வென்றவர்களே இல்லையா என்றால், உண்டு. ஹாங்காங்கில் கணினி மாதிரி மூலம் பெரும் பணம் ஈட்டிய வில்லியம் பென்டர், 1994இல் தன் முறையை ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார். மக்கள் நிர்ணயித்த விலையையும் தன் மாதிரிக்குள் சேர்த்துக்கொண்டதுதான் அதன் சிறப்பு. அங்கு வின் தொகுப்பில் பிடித்தம் 17.5 சதவீதம்.

1996இல் உச்ச நீதிமன்றம், கே.ஆர். லட்சுமணன் வழக்கில், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்பளித்தது. ஆயினும் வரிச் சட்டம் அதைச் சூதாட்ட விடுதி, லாட்டரியுடன் ஒரே வரிசையில் வைத்துள்ளது. வென்ற தொகைக்கு 30 சதவீத வருமான வரியும் உண்டு. ஒரே பரிவர்த்தனையில் 10,000 ரூபாயைத் தாண்டினால் அது வழங்கும்போதே பிடிக்கப்படும். பந்தயம் கட்டுபவர் மற்ற நாள்களில் தோற்ற பணத்தை இதில் கழித்துக்கொள்ள இயலாது.

வரியைத் தவிர்க்கச் சிலர் உரிமம் பெறாத புக்கிகளை நாடுகின்றனர். அங்கு விலை சற்றுக் கூடுதலாகத் தெரியலாம். ஆனால் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது என்பதால், புக்கி பணம் தர மறுத்தால் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து அதைப் பெற முடியாது.