காட்டுப்பூவரசு: ஒரு மலைமலரின் பெயரும் இடப்பெயர்வும்

தமிழகத்திலும் இலங்கையிலும் இயற்கையாக வளரும் ரோடோடென்ட்ரான் இனம் ஒன்றே. இமயத்தில் தன் இனத்தார் பலரோடு கூடி வளரும் இம்மரம், ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் இடைவெளிக்குப் பின் நீலகிரி, ஆனைமலை, பழனி மலைகளிலும் நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பகுதிகளிலும் மீண்டும் தோன்றுகிறது. பனியூழிக் குளிர் தெற்கே பரவியபோது வந்த இனம், வெப்பம் மீண்டபின் உயர்முகடுகளில் மட்டும் எஞ்சியது என்பது தாவரவியலார் கூறும் விளக்கம். சோலைக்காட்டின் விளிம்பிலும் புல்வெளியிலும் முறுக்கிய குறுமரமாகவோ புதராகவோ நிற்கும் இதற்குத் தடித்த பட்டையே காப்பு. புல்வெளித் தீயை அதனால் தாங்குகிறது. சமயப் பணியாளர் பெர்ன்ஹார்ட் ஷ்மிட் நீலகிரியில் திரட்டிய செடிகளைக் கொண்டு, ஜெர்மானியரான சென்கர் 1830களில் இதனைத் தனியினமாக விவரித்தார். இன்று அது கிளையினமாகவே கொள்ளப்படுகிறது.

வரலாற்று ஆய்வுக்கு இவற்றினும் பயனுடையது இதன் தமிழ்ப்பெயர். பூவரசு கடற்கரைக்கும் சமவெளிக்கும் உரியது. அதன் பூ மஞ்சள். செம்மலர் பூக்கும் மலைமரத்தைக் 'காட்டுப்பூவரசு' என்றவர், கீழ்நிலத்துப் பூவரசை முன்னரே அறிந்தவராதல் வேண்டும். ஆகவே இப்பெயர் மலையேறியவர் இட்ட பெயர் எனக் கருத இடமுண்டு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் 99 மலர்களுள் இதனைத் தேடும் ஆர்வம் இயல்பே. ஆயினும் செந்நிறம் ஒன்றையே சான்றாக்கி ஒரு பழம்பெயரை இதன்மேல் ஏற்றுவது ஆய்வாகாது.

ஈழ மலையகத்தில் கதை வேறு. ஹக்கல தாவரவியற் பூங்கா 1861இல் சின்கோனாப் பயிருக்காகத் தொடங்கப்பட்டது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையை வணிகப் பயிராக்கினார். மலைக்காட்டின் பெரும்பரப்பு தோட்டமாயிற்று. அத்தோட்டங்களில் உழைத்த கைகளுள் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் கைகளே மிகுதி; அவர் வழியினரில் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. செம்மலர் மரமோ தேயிலை எட்டாத முகடுகளில் நின்றுவிட்டது.

ஸ்காபரோவில் வாழும் தமிழருள் யாழ்ப்பாணத்து வேலிப் பூவரசை அறிந்தோர் பலர். மலையகத்திலிருந்து வந்தோரும் உளர். அவர்கள் குடியேறிய ஒன்ராறியோவின் சதுப்புகளில் வெண்பூப் பூக்கும் என்றும் பசுமையான குறுஞ்செடி ஒன்று உண்டு. முதற்குடி மக்கள் அதன் இலையை ஊறவைத்துப் பருகினர். 'லாப்ரடோர் தேயிலை' என்பது அதன் வழக்குப்பெயர். லீடம் எனத் தனிப் பேரினமாக வைக்கப்பட்டிருந்த அதனை, 1990இல் கிரோன், ஜட் ஆகிய இருவரும் ரோடோடென்ட்ரான் பேரினத்துள் சேர்த்தனர்.