பர்க்கிட் லிம்போமா

பர்க்கிட் லிம்போமா என்பது நிணநீர் மண்டலத்தைச் சேர்ந்த பி வகை வெள்ளணுக்களில் தோன்றும் புற்றுநோய். மனிதருக்கு வரும் கட்டிகளில் மிக வேகமாக வளர்பவற்றுள் ஒன்று. அதன் உயிரணுக்கள் ஏறத்தாழ ஒரே நாளில் இரட்டிப்பாகிவிடும். வெப்பமண்டல ஆப்பிரிக்காவில் பெரும்பாலும் 4 முதல் 7 வயதுக் குழந்தைகளின் தாடையைத் தாக்குகிறது. மற்ற நாடுகளில் அரிதாக, வயிற்றுப் பகுதியில் தோன்றுகிறது. எச்ஐவி தொற்று உள்ளவர்களிடம் காணப்படுவது மூன்றாம் வகை. மனிதப் புற்றுநோய்க்கு ஒரு வைரஸ் காரணமாகலாம் என்பதை முதலில் காட்டிக்கொடுத்தது இந்த நோய்தான்.

நோய் புதியதன்று. உகாண்டாவின் மெங்கோ மருத்துவமனையை 1897இல் தொடங்கிய ஆல்பர்ட் குக்கின் குறிப்பேடுகளிலேயே தாடை வீங்கிய குழந்தைகள் இருக்கிறார்கள். அவற்றையெல்லாம் ஒரே நோயாக யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. 1957இல் கம்பாலாவின் முலாகோ மருத்துவமனையில் குழந்தை மருத்துவர் ஹியூ டிரோவெல், அறுவை மருத்துவர் டெனிஸ் பர்க்கிட்டை அழைத்து ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனைக் காட்டினார். மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டிலும், இருபுறமும் வீக்கம், பற்கள் ஆடிக்கொண்டிருந்தன. தொற்று என்றால் ஓரிடத்தில் வரலாம், நான்கு இடங்களில் எப்படி வரும்? சில வாரங்கள் கழித்து ஜின்ஜா நகரில் அதே முகத்தோடு இன்னொரு குழந்தையைப் பார்த்தபோது பர்க்கிட்டுக்குப் பொறி தட்டியது. பழைய பதிவேடுகளைப் புரட்டி, 1958இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். அப்போது அதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. இது லிம்போமா என்று திசுக்களைக் கொண்டு நிறுவியவர்கள் கம்பாலாவில் பணியாற்றிய நோய்க்குறியியலாளர்கள் கிரெகரி ஓ'கானரும் ஜே. என். பி. டேவிஸும். நுண்ணோக்கியில் நெருக்கமான கருநீல அணுக்களுக்கு நடுவே, இறந்த அணுக்களை விழுங்கிய வெளிறிய பேரணுக்கள் ஆங்காங்கே தெரியும். இரவு வானில் சிதறிய விண்மீன்களைப் போல இருப்பதால் அந்தத் தோற்றத்துக்கு 'விண்மீன் வானம்' என்றே பெயர்.

பர்க்கிட் சிறுவயதிலேயே ஒரு கண்ணை இழந்தவர். அவர் கேட்ட கேள்வி எளியது: இந்த நோய் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை? படம் அச்சிட்ட துண்டறிக்கைகளை ஆப்பிரிக்க மருத்துவமனைகளுக்கு அனுப்பி, வந்த பதில்களை வரைபடத்தில் குறித்தார். 1961 அக்டோபரில் டெட் வில்லியம்ஸ், கிளிஃப் நெல்சன் என்ற இரு மருத்துவ நண்பர்களோடு பழைய ஃபோர்டு வண்டியில் கிளம்பி, பத்து வாரங்களில் சுமார் 16,000 கிலோமீட்டர் சுற்றினார். நிலநடுக்கோட்டின் இருபுறமும் நோய் ஒரு பட்டையாகப் பரவியிருந்தது. குளிர்ந்த மலைப்பகுதிகளிலும் மழை குறைந்த நிலங்களிலும் அது இல்லை. அந்தப் பட்டை, மலேரியா ஆண்டு முழுவதும் நிலவும் நிலத்தோடு பொருந்தியது. பெரிய ஆய்வகம் எதுவுமின்றி, ஒரு வண்டியும் ஒரு கேள்வியும் கொண்டு நடந்த இந்த ஆய்வுக்கு மருத்துவ வரலாற்றில் ஈடு சொல்வது கடினம்.

அதே 1961 மார்ச்சில் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பர்க்கிட் உரையாற்றினார். கோழிகளுக்குப் புற்றுநோய் தரும் வைரஸ்களை ஆராய்ந்துவந்த ஆண்டனி எப்ஸ்டீன் அரங்கில் இருந்தார். கம்பாலாவிலிருந்து கட்டித்திசு விமானத்தில் வரத் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. 1963 டிசம்பரில் ஒரு நாள், மூடுபனியால் விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பிவிடப்பட்டது. மாதிரி தாமதமாக வந்து சேர்ந்தபோது குப்பியில் திரவம் கலங்கியிருந்தது. பாக்டீரியா சேர்ந்து கெட்டுவிட்டது என்று கொட்டிவிட எல்லா நியாயமும் இருந்தது. எப்ஸ்டீன் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்: கலங்கலுக்குக் காரணம் பாக்டீரியா அல்ல, கட்டியிலிருந்து கழன்று மிதந்த உயிருள்ள அணுக்கள். அவற்றை இவான் பார் வளர்த்தெடுத்தார்; 1964இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஹெர்ப்பீஸ் வகை வைரஸ் தென்பட்டது. அதை அறிவித்த 'லான்செட்' இதழ்க் கட்டுரையில் டிரினிடாடில் பிறந்த பெர்ட் அச்சோங்கும் ஓர் ஆசிரியர். வைரஸின் பெயரில் எப்ஸ்டீனும் பாரும் மட்டுமே இருக்கிறார்கள். அச்சோங்கின் பெயர் விடுபட்டது நியாயமாகப் படவில்லை.

பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்த வைரஸைச் சுமக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. அப்படியென்றால் வைரஸ் மட்டும் போதாது. மலேரியா மீண்டும் மீண்டும் வரும்போது பி அணுக்கள் ஓயாமல் பெருகுகின்றன, அவற்றைக் கட்டுப்படுத்தும் டி அணுக்கள் தளர்கின்றன, பிழை நேர வாய்ப்பு கூடுகிறது. அந்தப் பிழை என்னவென்று 1982இல் தெளிவானது. எட்டாம் குரோமோசோமில் இருக்கும் 'மிக்' மரபணு பெயர்ந்து, பெரும்பாலும் 14ஆம் குரோமோசோமில், எதிர்ப்புரதம் செய்யும் மரபணுவின் அருகே போய் ஒட்டிக்கொள்கிறது. அங்கே அது ஓய்வின்றி இயங்கி, அணுவைப் பிரிந்துகொண்டே இருக்கச் செய்கிறது.

சிகிச்சையும் கம்பாலாவில்தான் பிறந்தது. அங்கே கதிர்வீச்சுக் கருவி இல்லை, கத்தியால் கட்டியை முழுதாக நீக்கவும் முடியவில்லை; எனவே பர்க்கிட் மருந்துகளை நாடினார். சைக்ளோபாஸ்பமைடு ஓரிரு முறை செலுத்தியதிலேயே சில குழந்தைகளின் முகம் சில நாட்களில் பழைய நிலைக்குத் திரும்பியது. அவர்களில் சிலருக்கு நோய் திரும்பி வரவேயில்லை. 1967இல் முலாகோவில் லிம்போமா சிகிச்சை மையம் அமைந்து, ஜான் சீக்லர் பொறுப்பேற்றார். பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் முறைகள் பின்னர் வளர்ந்தன. தீவிர நிலையில் உள்ள குழந்தைகளுக்கு ரிட்டுக்சிமாபையும் சேர்த்தால், மூன்று ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருப்போர் விகிதம் 82இலிருந்து 94 சதவீதமாக உயர்கிறது என்று 2020இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது.

ஆனால் இந்தத் தீவிர சிகிச்சைக்கு இரத்தமும் நுண்ணுயிர்க்கொல்லிகளும் இரவு பகல் கண்காணிப்பும் வேண்டும். நோயின் சொந்த நிலத்தில் இவை எளிதில் கிடைப்பதில்லை. குழந்தைகள் கட்டி முற்றிய பிறகே வந்து சேர்கிறார்கள், பயணச் செலவு தாங்காமல் குடும்பங்கள் சிகிச்சையைப் பாதியில் விடுகின்றன. அதனால் அங்கே பிழைப்போர் விகிதம் பணக்கார நாடுகளைவிட வெகுவாகக் குறைவு. 1967இல் தொடங்கிய அந்தச் சிறு மையம்தான் வளர்ந்து இன்று முலாகோ குன்றில் உகாண்டா புற்றுநோய் நிறுவனமாக நிற்கிறது. தாடை வீங்கிய குழந்தைகள் இன்னும் அங்கே வந்துகொண்டிருக்கிறார்கள்.