பல் உள்வைப்பு

இம்பிளாண்ட் என வழங்கப்படும் பல் உள்வைப்பு என்பது, இழந்த பல்லின் வேருக்கு மாற்றாகத் தாடை எலும்பில் பதிக்கப்படும் டைட்டானியத் திருகாணி ஆகும். சுவீடன் நாட்டு ஆய்வாளர் பெர்-இங்வர் பிரோனமார்க் 1965இல் முதன்முதலாக இச்சிகிச்சை அளித்த யோஸ்டா லார்சன், 2006இல் இறக்கும்வரை அவ்வுள்வைப்புகளைப் பயன்படுத்தினார்.

ஆயுட்காலம்

பத்தாண்டுகளுக்குப் பின்னும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை நிலைத்திருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும் விளம்பரங்கள் கூறும் "வாழ்நாள் முழுவதும்" என்பது திருகாணிக்கே ஓரளவு பொருந்தும். மேலே பொருத்தப்படும் செயற்கைப் பல் தேய்ந்தோ உடைந்தோ இடையில் மாற்றப்பட வேண்டியிருக்கலாம்.

பராமரிப்பு

உள்வைப்பில் சொத்தை விழாது. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஈறு அழற்சியுற்றால் எலும்பு அரிக்கப்படும். பெரும்பாலும் வலி இராது. துலக்கும்போது இரத்தம் கசிவதே முன்னறிகுறி. புகைப்பழக்கம், கட்டுப்படாத நீரிழிவு, முன்பிருந்த ஈறு நோய் ஆகியன இந்த ஆபத்தை மிகுவிக்கும். நாள்தோறும் இருமுறை மென்தூரிகையால் துலக்குவதுடன், பல்லிடுக்குத் தூரிகையால் ஈறோரத்தையும் தூய்மை செய்தல் வேண்டும். மருத்துவரின் அறிவுரைப்படி குறித்த கால இடைவெளியில் பரிசோதனை தேவை.

ஒரு நிறுவனத்தின் திருகாணிக்குரிய கருவியும் உதிரிப்பாகமும் மற்றொன்றுக்குப் பொருந்தாமல் போவதுண்டு. ஆகவே சென்னையிலோ வேலூரிலோ பதித்துக்கொண்டு ஆரணி போன்ற ஊர்களில் வசிப்போர், நிறுவனப் பெயர், அளவு, தொகுதி எண் ஆகியவை குறித்த அட்டையைக் கேட்டுப் பெற்றுப் பாதுகாத்தல் நன்று.