டோக்கியோவில் ஒரு ‘பார்க்கலாம்’, ஆம்ஸ்டர்டாமில் ஒரு ‘பார்க்கலாம்’

கோவில்பட்டியில் எங்கள் வீட்டு மாடி அறையிலிருந்து முதல் இரண்டரை ஆண்டுகள் ஒரு ஜப்பானிய நிறுவனத்துக்கும், பிறகு மூன்று ஆண்டுகள் ஒரு டச்சு நிறுவனத்துக்கும் மென்பொருள் டெஸ்டிங் வேலை பார்த்திருக்கிறேன். டோக்கியோ நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் கோடையில் மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. அங்கே அலுவலகம் காலை 9 மணிக்குத் தொடங்கினால், முதல் வேலையில் எனக்கு விடியற்காலை 5.30, இரண்டாவதில் சாப்பாட்டு நேரம். உடம்பு இரண்டுக்கும் ஒரு மாதத்தில் பழகிவிட்டது. மனிதர்களுக்குப் பழகத்தான் நாளானது.

ஐபிஎம் ஊழியர்களிடம் பல நாடுகளில் எடுத்த கருத்துக்கணிப்புகளைக் கொண்டு டச்சு அறிஞர் ஹெர்ட் ஹாஃப்ஸ்டெட் 1980-இல் ஒரு நூல் எழுதினார். மேல் கீழ் என்ற அதிகார இடைவெளியை எந்தச் சமூகம் எவ்வளவு இயல்பாக எடுத்துக்கொள்கிறது என்பதற்கு அவர் தந்த மதிப்பெண்களில் இந்தியாவுக்கு 77, ஜப்பானுக்கு 54, நெதர்லாந்துக்கு 38. பெரியவர் முன் குரலைத் தாழ்த்துவது, முகத்துக்கு நேரே மறுக்காமல் இருப்பது, பெயரோடு ஒரு மரியாதை விகுதி சேர்ப்பது என்று பார்த்தாலும் ஜப்பான்தான் நமக்குப் பக்கத்து வீடு. நானும் அப்படி நம்பித்தான் சேர்ந்தேன். என் அனுபவம் நேர்மாறாக இருந்தது. பக்கத்து வீட்டில்தான் அதிகம் தடுமாறினேன்.

நம் ஊரில் ஒருவரிடம் கைமாற்றுக் கேட்டு அவர் ‘பார்க்கலாம்’ என்றால், அது கிடைக்குமா கிடைக்காதா என்பதைச் சொல்வது அவர் முகம். ஜப்பானியர்களிடமும் இதே சொல்வழக்கு உண்டு. ‘கென்தோ ஷிமாஸ்’, அதாவது பரிசீலிக்கிறோம். ‘முஸுகஷீ தெஸ் நே’, அதாவது கொஞ்சம் கடினம்தான். இரண்டுமே பெரும்பாலும் ‘முடியாது’ என்பதன் மென்மையான வடிவங்கள். எங்கள் குழு ஆங்கிலத்தில் பேசினாலும் அந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்திருந்தது. நான் முன்வைத்த ஒரு யோசனைக்கு, ‘இது சற்றுக் கடினம்’ என்று மேலாளர் பதில் எழுதினார். கடினம் என்றால் தீர்த்துக் காட்டலாமே என்று இரண்டு வாரம் இரவும் பகலுமாக உழைத்துத் தீர்த்தும் காட்டினேன். நன்றி சொன்னார்கள். அந்த யோசனையைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை.

சூழலைப் புரிந்து நடப்பதை ஜப்பானியர்கள் ‘காற்றைப் படிப்பது’ என்பார்கள். ஒரே அறையில் இருந்திருந்தால் அந்த மேலாளர் தலையைச் சாய்த்த விதத்தையும், மூச்சை உள்ளிழுத்த சத்தத்தையும் ஒரு தமிழன் படிக்காமலா இருப்பான்? எனக்கு வந்ததோ எழுத்து மட்டும். நம் பண்பாடும் அவர்கள் பண்பாடும் ஒத்துப்போவது சொல்லாத பகுதியில். அந்தப் பகுதி இணையக் கம்பியில் வருவதில்லை. ஹாஃப்ஸ்டெட்டின் எண்கள் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தவர்களிடம் எடுத்தவை என்பதை நான் பிறகுதான் யோசித்தேன்.

டச்சுக்காரர்கள் பேச்சு வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. சுற்றி வளைக்காமல் பேசுவதை அவர்கள் மொழியில் ‘கதவோடு வீட்டுக்குள் விழுவது’ என்பார்கள். முதல் வாரம் நான் அனுப்பிய அறிக்கைக்கு, வணக்கம்கூட இல்லாமல், ‘தெளிவாக இல்லை, திரும்ப எழுதவும்’ என்று பதில் வந்தது. அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை. மாலையில் அதே மனிதர் வேறொரு சிக்கலுக்கு என்னிடம் உதவி கேட்டார். பேச்சில் கோபத்தின் தடயமே இல்லை. குறை அறிக்கையில் இருந்தது, என்னிடம் இல்லை என்பது மனதில் பதிய மூன்று மாதம் ஆனது. பதிந்த பிறகு வேலை எளிதாகிவிட்டது. ஏனென்றால் அவர் நினைத்தது முழுவதும் எழுத்தில் இருந்தது.

முடிவெடுக்கும் முறையில்தான் உண்மையான பாடம் இருந்தது. இரு நாட்டாரும் எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகே நகர்கிறவர்கள். ஜப்பானியர்கள் இதற்கு வைத்திருக்கும் சொல் ‘நெமவாஷி’. மரத்தைப் பெயர்த்து நடுவதற்கு முன் வேரைச் சுற்றி மண்ணைப் பக்குவப்படுத்தும் தோட்ட வேலையிலிருந்து வந்தது. கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசி இசைவு வாங்கிவிடுவார்கள். கூட்டம் அந்த இசைவை அறிவிக்கும் இடம். டச்சுக்காரர்களின் ‘போல்டர்’ முறை, கடலிடமிருந்து மீட்ட தாழ்நிலத்தைக் காக்க எல்லோரும் கூடியே ஆகவேண்டும் என்பதோடு சேர்த்துச் சொல்லப்படுவது. 1982-இல் வாசெனாரில் தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் செய்துகொண்ட ஒப்பந்தம் அதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு. அங்கே கூட்டம்தான் வாதாடும் களம்.

டோக்கியோ கூட்டத்தில் ஒருமுறை ஆட்சேபம் எழுப்பினேன். திரை முழுக்க அமைதி. எனக்குத் தெரியாமல் வேர்மண் ஏற்கெனவே பக்குவமாகியிருந்தது. அதில் பட்ட சூட்டோடு ஆம்ஸ்டர்டாம் கூட்டத்தில் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, முடிந்ததும் தலைவருக்குத் தனியாக எழுதினேன். ‘அங்கேயே ஏன் சொல்லவில்லை? நீங்கள் ஒத்துக்கொண்டதாக அல்லவா எடுத்துக்கொண்டோம்’ என்று கேட்டார்.

ஜப்பானில் என்னைக் காப்பாற்றியது ‘ஹோரென்சோ’. அறிவி, தகவல் கொடு, கலந்து பேசு என்ற மூன்று சொற்களின் சுருக்கம். அவர்கள் மொழியில் பசலைக்கீரையின் பெயரும் அதுவே. எங்கள் பகுதியில் பராமரிப்புக்காக மாதம் ஒருநாள் மின்சாரத்தை நிறுத்துவார்கள். முந்தின நாளே நேரத்தையும், மாற்று ஏற்பாட்டையும், முடிக்கமுடியாத வேலையையும் எழுதி அனுப்பினேன். என்மீது நம்பிக்கை கூடியதே அதற்குப் பிறகுதான். அதே கடிதத்தை டச்சுக் குழுவுக்கு அனுப்பியபோது, இவ்வளவு விளக்கம் எதற்கு, நாட்காட்டியில் குறித்தால் போதும் என்றார்கள்.

டச்சு நிறுவனத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அந்நாட்டுச் சட்டப்படி முழுநேர ஊழியருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் சம்பளத்தோடு விடுமுறை. ஊதியத்தில் 8 சதவீதம் விடுமுறைப் படியாகவும் கிடைக்கும். நான் ஒப்பந்தக்காரன். மாதாமாதம் பில் அனுப்பிப் பணம் வாங்குகிறவன். ஆகஸ்டில் அவர்கள் மூன்று வாரம் விடுமுறையில் போகும்போது, ‘நீங்களும் ஓய்வெடுங்கள்’ என்று அன்போடு சொல்வார்கள். ஓய்வெடுத்தால் எனக்குக் கூலி இல்லை. டோக்கியோவிலும் நான் ஒப்பந்தக்காரன்தான். ஆனால் அங்கே நாம் எல்லோரும் சமம் என்று யாரும் சொல்லவில்லை. அதனால் அந்த இடைவெளி இப்படி உறுத்தவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடும் சமத்துவம் ஒப்பந்தத் தாளையும் எட்டவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

டோக்கியோ அலுவலகங்களில் ஊருக்குப் போய்த் திரும்புகிறவர் எல்லோருக்கும் தின்பண்டம் வாங்கி வருவார். நெதர்லாந்தில் பிறந்தநாள்காரரே கேக் கொண்டுவந்து கொடுப்பார், நம் பள்ளிப் பிள்ளைகள் மிட்டாய் கொடுப்பதைப் போல. மாடி அறைக்காரனுக்கு இரண்டும் இல்லை. ஜப்பானிய வேலையை விட்டபோது ஒரு பெட்டி கடலைமிட்டாய் பார்சல் அனுப்பினேன். பத்து நாள் கழித்து ஒரு படம் வந்தது. நீளமான ஒரே மேசை, நெருக்கமாக ஏழெட்டு நாற்காலிகள், நடுவில் பிரித்த பெட்டி. ஒருவர் கை நீட்டினால் இன்னொருவர் தோளைத் தொடலாம். இரண்டரை ஆண்டில் அந்த மேசையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.