பின்னோக்கி எழுதும் வைரஸ்

இலக்கியக் கூட்டத்தில் ஒரு தாதிக்கு என்ன வேலை என்று நினைப்பீர்கள். நான் பேச வந்தது பிரதியெடுப்பதைப் பற்றி. ஏடு பெயர்த்து எழுதிய மரபில் வந்த நமக்கு அது புதிதல்ல.

வைரஸால் தனியாகப் பெருக முடியாது. உயிரணுவுக்குள் புகுந்து, அங்குள்ள பொருட்களைக் கொண்டே தன் மரபுச் செய்தியைப் பிரதியெடுக்கும். எடுக்கும் வழி வைரஸுக்கு வைரஸ் வேறு. பெரியம்மை வைரஸ் டி.என்.ஏ.யைப் பார்த்து டி.என்.ஏ. எழுதும். போலியோவும் கொரோனாவும் ஆர்.என்.ஏ.யைப் பார்த்து ஆர்.என்.ஏ. எழுதும். ஆர்.என்.ஏ.யிலிருந்து டி.என்.ஏ.யைப் பின்னோக்கி எழுத முடியும் என்பதை மட்டும் பலர் நெடுநாள் ஏற்கவில்லை. 1970இல் அமெரிக்காவில் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே அப்படி எழுதும் நொதியைக் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ்.

இனிக் கதை பாரிஸுக்கு வருகிறது. நம் லாசப்பலிலிருந்து கொஞ்சம் நடந்து, மார்க்ஸ் டோர்முவாவில் 12ஆம் இலக்க மெட்ரோ எடுத்தால் மாறாமலே பஸ்தேர் நிலையத்தில் இறங்கலாம். அங்குள்ள பஸ்தேர் நிறுவனத்துக்கு 1983 ஜனவரி 3ஆம் திகதி ஒரு நோயாளியின் நிணநீர்க் கணுத் துண்டு வந்தது. காரணம் தெரியாமல் ஆட்கள் இறந்துகொண்டிருந்த காலம். பிரான்சுவாஸ் பாரே-சினூசி, ஜோன்-குளோட் ஷெர்மான், லுக் மொந்தான்யே ஆகியோர் அதிலிருந்த உயிரணுக்களை வளர்த்து, சில நாட்களுக்கொருமுறை அந்த நொதி தெரிகிறதா என்று அளந்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் தெரிந்தது. பிறகு உயிரணுக்கள் சாகச் சாக, நொதியும் குறைந்தது. இரத்ததானம் செய்த ஒருவரின் வெள்ளணுக்களைச் சேர்த்தார்கள். நொதி மறுபடி ஏறியது. கட்டுரை மே 20ஆம் திகதி வெளியானது. எழுதும் முறையை வைத்தே எழுதியவனைப் பிடித்துவிட்டார்கள். பின்னால் அந்த வைரஸுக்கு எச்.ஐ.வி. என்று பெயர் வைத்தார்கள். 2008இல் பாரே-சினூசிக்கும் மொந்தான்யேவுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மருந்தும் அதே இடத்தில்தான் கைவைத்தது. 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஏ.இசட்.டி., எழுத்தைப் போலத் தோன்றும் பொய்யெழுத்து. நொதி அதைச் சேர்த்துக்கொண்டால் வரி அங்கேயே அறுந்துவிடும். ஆனால் இந்தப் பிரதிக்காரன் பிழை மலிந்தவன். பிழைகளில் சில அவனை மருந்திடமிருந்து காப்பாற்றின. 1996 முதல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த பிறகே மரணங்கள் பெருமளவில் குறைந்தன.

எழுதிய டி.என்.ஏ. நம் டி.என்.ஏ.யோடு இணைந்துவிடுவதால் முழுதாக அழிக்க முடியவில்லை. அதனால்தான் தொடர்ந்து மருந்து எடுக்கவேண்டும். ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் வைரஸ் அளக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நிலைத்தால், உடலுறவால் அது மற்றவருக்குத் தொற்றாது. இதை விஞ்ஞானம் உறுதிசெய்துவிட்டது. நம் வீடுகளில் இன்னும் மருந்துப் பெட்டியின் பெயரைக் கிழித்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோகிறார்கள். ஒளிப்பவர் ஒருநாள் மாத்திரையைத் தவறவிடுவார். அந்த இடைவெளிதான் வைரஸுக்கு வேண்டியது. அதற்கு எழுத இடம் கொடுப்பது பல வேளைகளில் நம்முடைய வாய்தான்.