கரையைப் பார்த்துவிட்டுத் திரும்பிய கப்பல்கள்

பிரெஞ்சுப் புரட்சியைப் பாடசாலையில் படித்த எங்களுக்கு பஸ்தில் சிறை தெரியும், கில்லட்டின் தெரியும். அந்தப் புரட்சி அயர்லாந்தின் வாசல்வரை போய்த் திரும்பின கதையை ஒருத்தரும் சொல்லித் தரேல்ல. தேடி வாசித்தால், கனபேர் அதைக் காற்றின் கதையாகத்தான் எழுதி வைத்திருக்கினம்: புயல் அடித்தது, இங்கிலாந்து தப்பியது. விசயம் அவ்வளவு லேசில்லை.

1791இல் பெல்பாஸ்டில் ஐக்கிய ஐரிஷ்காரர் சங்கம் தொடங்கியது. கத்தோலிக்கர், பிரெஸ்பிற்றேரியர், அங்கிலிக்கர் எண்ட பிரிவை ஓரமாய் வைத்துவிட்டு எல்லாரும் ஐரிஷ்காரராக நிற்கவேணும் என்பது அவர்களுடைய நிலைப்பாடு. அதன் முக்கிய ஆள் வுல்ப் டோன், டப்ளின் சட்டத்தரணி. சங்கம் தடைசெய்யப்பட்டபின் அமெரிக்காவுக்குப் போய், அங்கிருந்து 1796 பெப்ரவரியில் ஸ்மித் என்ற பெயரில் பிரான்சில் இறங்கினார். பிரெஞ்சு மொழி அரைகுறை. ஆனாலும் பாரிசில் கதவு கதவாகத் தட்டி, ஆட்சிக்குழுவில் இருந்த கார்னோவைச் சம்மதிக்க வைத்தார்.

பாரிசுக்கு ஏன் அக்கறை வந்தது? முதல் வருசம்தான் இங்கிலாந்து, மன்னராட்சி ஆதரவாளர்களைப் பிரான்சின் கிபெரோன் கரையில் கொண்டுபோய் இறக்கியிருந்தது. அவர்களை முறியடித்த தளபதி ஓஷ். அதே ஓஷிடம்தான் இப்போது அயர்லாந்துப் படையைக் கொடுத்தார்கள். டோனுக்கு விடுதலை, பாரிசுக்குப் பதிலடி. ரெண்டும் ஒரே கப்பலில் ஏறின. (எங்கட தீவும் இதே போரில்தான் கைமாறியது. கொழும்பை ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் எடுத்தது அதே 1796 பெப்ரவரியில்.)

டிசெம்பர் நடுப்பகுதியில் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து நாற்பதுக்கு மேற்பட்ட கப்பல்கள் புறப்பட்டன. அவற்றில் 15,000 பேரளவில் படையினர். புயலுக்கு முதலே குழப்பம் தொடங்கிவிட்டது. இருட்டுகிற நேரத்தில் கடற்படைத் தளபதி மொரார் த கால் பாதையை மாற்றினார்; அவருடைய சைகை பல கப்பல்களுக்குத் தெரியேல்ல. அதற்குள் பெலியூ என்ற பிரித்தானியக் கப்டன் தன் கப்பலை நடுவில விட்டு, வாணமும் வேட்டும் விட்டு, எது யாருடைய சைகை எண்டே விளங்காமல் செய்தார். அண்டிரவே 'செதுய்சான்' என்ற கப்பல் பாறையில் மோதியது. அதிலிருந்த 1,300 பேரளவில் தப்பியவர் அறுபதுபேர் மட்டில்.

இதைவிட மோசம், படைத்தளபதி ஓஷும் கடற்படைத் தளபதியும் ஒரே கப்பலில் ஏறியிருந்தார்கள். அந்தக் கப்பல்தான் காணாமல் போனது! அத்திலாந்திக்கில் அலைந்து, அது அயர்லாந்துக் கரைக்கு வரவே இல்லை.

மிச்சக் கப்பல்கள் 21ஆம் திகதி தென்மேற்கே பான்ட்ரி குடாவின் வாசலுக்கு வந்தன. கிழக்குக் காற்று எதிர்த்து அடிக்க, உள்ளே போய் நங்கூரம் போட்டவை பதினைந்து மட்டில்தான். ஒன்றில் டோன் இருந்தார். கரை கண்ணுக்கு முன்னால். எதிர்த்து நிற்கப் பெரிய படையும் அங்கே இல்லை. பிரித்தானியப் பெருங்கப்பற்படையையும் காணேல்ல. 24ஆம் திகதி, இருக்கிற ஆறாயிரம் சொச்சம் பேரோடாவது இறங்குவம் எண்டு முடிவெடுத்தார்கள். அண்டிரவு புயல் முற்றியது. அடுத்தநாள் துணைத்தளபதி பூவே நங்கூரக் கயிற்றை வெட்டிக்கொண்டு வெளியேறினார். அவருடைய கப்பலில் இருந்த தரைப்படைத் தளபதி குரூஷி இறங்கவேணும் எண்டு நிண்டவர். பிறகு வாட்டர்லூவுக்கு வராமல் போனதால் பேர்பெற்ற அதே குரூஷிதான். மற்றக் கப்பல்களும் ஒவ்வொன்றாய்க் கலைந்தன. ஜனவரி முதலாம் திகதி டோன் பிரெஸ்டில் திரும்ப நின்றார்.

இறங்கியிருந்தால் வென்றிருப்பார்களா? எங்களுக்குச் சந்தேகம்தான். சங்கத்தின் பலம் வடக்கே, அல்ஸ்டரில். கப்பல்கள் வந்ததோ நாட்டின் மறுமுனைக்கு. பான்ட்ரிச் சனத்திடம் சங்கம் அப்போது பெரிதாய்ப் போய்ச் சேரவே இல்லை.

ஆனால் அடி விழுந்தது வடக்குக்கு. பிரெஞ்சுக்காரர் இவ்வளவு கிட்ட வந்திட்டாங்கள் என்ற பயத்தில், 1797 மார்ச்சில் தளபதி லேக் அல்ஸ்டரில் ஆயுதக் களைவு தொடங்கினார். வீடுகள் எரிந்தன, ஆட்களுக்குச் சவுக்கடி. சங்கத்தின் பத்திரிகையான 'நோர்தர்ன் ஸ்டார்' அச்சகத்தை மே மாதத்தில் படையினர் அடித்து நொறுக்கினார்கள். அடுத்த வருசம் கிளர்ச்சி வெடித்தபோது அது பாதி நசுக்கப்பட்ட இயக்கத்தின் கிளர்ச்சி.

அந்தக் கிளர்ச்சி அடங்கினபிறகு, 1798 ஓகஸ்ட்டில், பிரான்ஸ் திரும்பவும் ஆள் அனுப்பியது. இந்தமுறை தளபதி உம்பேரின் கீழ் ஆயிரம் பேர் சொச்சம். செப்டெம்பர் 8ஆம் திகதி பாலினாமக்கில் தோற்றார்கள். சரணடைந்த பிரெஞ்சுக்காரர் போர்க்கைதிகளாக மரியாதையோடு டப்ளினுக்குக் கொண்டுபோகப்பட்டு, பிறகு நாடு திரும்பினார்கள். அவர்களோடு சேர்ந்து நின்ற ஐரிஷ்காரரை அந்த வயலிலேயே வெட்டிக் கொன்றார்கள். பிரெஞ்சுப் படையோடு வந்த டோனின் தம்பி மத்தியூவைத் தூக்கிலிட்டார்கள். ஒக்டோபரில் இன்னொரு பிரெஞ்சுக் கப்பலில் டோனும் பிடிபட்டார். கப்பலின் பெயர் 'ஓஷ்'. பிரெஞ்சு அதிகாரியின் சீருடையோடு நீதிமன்றத்தில் நின்று, போர்வீரனுக்குரியபடி சுட்டுக் கொல்லுங்கோ எண்டு கேட்டார். தூக்குத்தான் எண்டார்கள்.